படத்தை வாசித்தது நான்தான்

நம் அஞ்சாம் வகுப்புக் கூட்டம் இருபத்தைந்து வயதைத் தொடுவதற்குள்ளேயே கிழடுகளைப் போலப் பழங்கதை பேச ஆரம்பித்துவிட்டது. போன மாதம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுத் தேநீர்க் கடையில் நாலைந்து பேர் சேர்ந்தோமே, அப்போதும் சுற்றிச் சுற்றி அந்தப் பேச்சுத்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டியிருந்த தோட்டத்து வரைபடத்தை அன்றைக்கு யார் வாசித்துச் சொன்னது? ஒருத்தர் வாத்தியார் என்றீர்கள். இன்னொருத்தர், தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவேதான் என்று மேசையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். நிஜமாகவே மறந்தீர்களா, என் முகத்துக்காக மறைத்தீர்களா, தெரியாது. நான் தேநீரை ஊதிக்கொண்டு பேசாமல் இருந்தேன். பொகவந்தலாவை பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

பஸ் முதல் வளைவு திரும்புவதற்குள் எனக்கே என்மேல் வெறுப்பாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். வாசித்தது நான். பதினோரு வயதில், கொழுந்து நிறுக்கிற மேடைமேல் ஏறி நின்று, தோட்டமே கேட்கும்படி சத்தமாக வாசித்தேன். நம் வரிசை வீடுகளில் உங்களில் பாதிப் பேர் மேல் லயம், பாதிப் பேர் கீழ் லயம். இரண்டு பக்கத்தாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் வாத்தியாரின் உலக உருண்டையைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் என் திமிர் உங்களுக்குப் புரியாது.

தோட்டத்துத் துரையின் பங்களாவில் இருந்த துரைசாணி ஊருக்குப் போகும்போது பள்ளிக்கூடத்துக்கென்று விட்டுப்போன உருண்டை அது. பித்தளை வளையம், மரக்கால், அருகே போனால் பழைய வார்னிஷ் வாடை. ஆப்பிரிக்காவின் வயிற்றில் ஒரு பள்ளம். கோழி கொத்தியது என்று ஒருத்தன் சொல்ல, அவனுக்கு அதற்காகவே இரண்டு அடி விழுந்தது. வாத்தியார் பாடம் நடத்தும் முறை ஞாபகமிருக்கிறதா? உருண்டையை விருட்டென்று சுற்றிவிடுவார். "பிரேசில்!" என்பார். அது சுற்றி ஓய்வதற்குள் ஒற்றை விரலால் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். தவறினால் நீட்டிய அதே விரலின் கணுவில் தேயிலைக் கம்பு இறங்கும். தேயிலைக் கம்பு வளையாது, முறியாது. அடித்த இடத்தில் முதலில் வெள்ளையாக ஒரு கோடு விழும். பிறகுதான் சிவக்கும். நம் வகுப்பில் விரல் வீங்காத பிள்ளை கிடையாது. வீட்டில் சோறு பிசைய முடியாமல் இடது கையால் தின்று, அதற்கும் அடி வாங்கியவர்கள் நாம்.

எனக்கு வெறி பிடித்தது. ராத்திரி பகலாக மனசுக்குள் உருண்டையைச் சுற்றினேன். இரண்டு மாதத்தில் அடி நின்றுபோயிற்று. மூன்றாம் மாதம் வாத்தியார் சுற்றிவிட்டு வாய் திறக்கும்போதே என் விரல் போய் நின்றது. "பேய்" என்றார். அதை நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

சுவரில் இரண்டு படம் தொங்குமே, இந்தியா ஒன்று, இலங்கை ஒன்று, இரண்டும் ஒரே அளவுத் தாளில். "ரெண்டு நாடும் ஒரே அளவுதான்டா, பாத்தா தெரியல?" என்று கீழ் லயத்துப் பையன் ஒருத்தன் சொன்னான். "எங்கப்பா இந்தியாவுல மூணு நாள் ரயில்லயே போயிருக்காரு. ஒங்கப்பன் இங்க மூணு நாள் ரயில்ல போனா கடல்ல விழுந்துருவான்டா" என்றான் மேல் லயத்துப் பையன். பேச்சு அதோடு நிற்கவில்லை. சிலேட்டுச் சட்டத்தால் மூக்கில் ஒரு இடி. ரத்தம் சட்டை முழுக்க. வாத்தியார் இருவரையும் காதைப் பிடித்து இழுத்துவந்து உருண்டைமேல் முட்டவைத்து, "பார், இலங்கை எவ்வளவு? பார்!" என்றார். மூக்கிலிருந்து உருண்டைமேல் சொட்டிய ரத்தத் துளி இலங்கையைவிடப் பெரியதாக இருந்தது. நாமெல்லாம் சிரித்தோம்.

ஒன்று மட்டும் வாத்தியார் ஒரு நாளும் செய்ததில்லை. எங்களை வெளியே கூட்டிப்போய், "இதோ வடக்கு" என்று கை நீட்டியதில்லை. வடக்கு என்றால் எங்களுக்கு, படம் தொங்குகிற சுவரில் ஆணி அடித்திருக்கும் பக்கம். அவ்வளவுதான்.

அந்த வருஷம் மழை விட்டு வெயில் காய ஆரம்பித்த ஒரு வியாழக்கிழமை காலை, பெரட்டுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது கண்டாக்கு ஐயா ஒரு பெரிய தாளைச் சுவரில் ஒட்டச் செய்தார். பசை வழிந்துகொண்டிருக்கும்போதே, குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"தோட்டத்துல ஒரு பங்கு வெளியாளுக்கு வித்தாச்சு. சிவப்புக் கோடு அடிச்ச பக்கம். அந்தப் பக்கத்து லயத்து ஆளுங்க மாசக் கடைசிக்குள்ள காம்பராவைக் காலி பண்ணிடணும். வாங்குனவரு ஆள் எடுக்க மாட்டாராம். வேலையும் கெடையாது."

"எந்தப் பக்கங்க ஐயா?"

"கண்ணு இருக்குல்ல? பாத்துக்குங்க."

குடையை விரித்தார், போய்விட்டார். அந்நேரத்துக்கு வெயில் ஏறவே இல்லை.

இருநூறு பேர் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். மேலே ஒரு கும்பல் சிறு கட்டங்கள், கீழே ஒரு கும்பல் சிறு கட்டங்கள். நடுவே நெட்டுக்குத்தாக, நீலமாக ஆறு. இரண்டு கும்பலுக்கும் பக்கத்தில் கோயிலுக்கு ஒரே மாதிரி ஒரு புள்ளி. மேல் லயத்தில் மாரியம்மன், கீழ் லயத்தில் முனியாண்டி, தாளில் என்னவோ இரண்டும் ஒன்றுதான். தேயிலை அரைக்கிற இஸ்டோரும் தார் ரோடும் மலைக்கு அந்தப் பக்கம், அதனால் தாளில் இல்லை. தாளின் மேல்பாதிக் கட்டங்கள்மீது சிவப்பாக அடர்த்தியாய்க் கோடு அடித்திருந்தது.

பக்கத்திலேதான் பள்ளிக்கூடம். ஆட்கள் போய் வாத்தியாரைக் கூட்டிவந்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், தாளுக்கு அருகே போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு திரும்பாமலே, "இது சர்வே படம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் பாடப்புத்தகம் நடத்துகிறவன்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தார். சம்பளம் தோட்டத்துச் சம்பளம், இருந்த வீடு தோட்டத்து வீடு. இன்றைக்கு அது எனக்குப் புரிகிறது. அன்றைக்கு, 'ஐயோ, வாத்தியாருக்கே தெரியாததா!' என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

எங்கள் அப்பா மேல் லயம். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. முன்கோபத்திலும் இல்லை. என்னைக் கூட்டத்துக்குள்ளிருந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுவை மேடைமேல் நிறுத்தினார்.

"ஏய், எம் மக உலகத்தையே ஒத்த வெரல்ல நிப்பாட்டுறவ. இந்தக் காகிதம் என்னா பெரிய காகிதம்? படி ஆயி!"

படித்தேன். தாள் முழுக்க வளைந்து வளைந்து மெல்லிய கோடுகள் ஓடின. மலையின் உயரத்தைக் காட்டுகிற கோடுகள் அவை என்று இன்று எனக்குத் தெரியும். அன்று ஒரு நொடிகூடத் தயங்காமல், "இதெல்லாம் குறுக்குப் பாதைங்க" என்றேன். உடனே ஆட்கள் எட்டிப் பார்த்து, "ஆமா, இந்தா, இது நாம வெறகுக்குப் போற பாதை" என்றார்கள். "இது கொழுந்து மலைக்கு ஏறுறது!" என்றாள் ஒரு அத்தை. இல்லாத பாதையில் ஆளுக்கொருவராய் நடந்து காட்டினார்கள். எனக்குத் தைரியம் தலைக்கேறியது. மலை ஏறினால் மேல் லயம், இறங்கினால் கீழ் லயம். பிறந்ததிலிருந்து எங்கள் காலுக்குத் தெரிந்த ஒரே திசை அதுதான். தாளின் தலைப்பக்கம் மலையின் தலைப்பக்கம், வேறென்ன இருக்க முடியும்?

சிவப்புமேல் விரலை வைத்தேன்.

"மேல் லயம்."

யாரோ உள்ளங்கையால் சுவரில் ஓங்கி ஒரு அறை அறைந்தார்கள். பசை தெறித்து என் முகத்தில் பட்டது.

என் அக்காவை உங்களுக்குத் தெரியும். அவளைக் கீழ் லயத்து எங்கள் மாமா மகனுக்குப் பேசியிருந்தது. மாமா அம்மாவுக்குத் தம்பி. தை மாதம் கல்யாணம் என்று முடிவு. அன்று சாயங்காலம் மாமா வெற்றிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக எங்கள் காம்பராவுக்கு ஏறிவந்தார். அப்பா வாசல் இஸ்தோப்பில் குந்தியிருந்து கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"மச்சான், எங்க கங்காணிகிட்ட பேசிப்புட்டேன்" என்றார் மாமா. "கீழ ரெண்டு காம்பரா தரேங்கிறாரு. நெருக்கியடிச்சு இருந்துக்குவோம். மாசக் கடைசி வந்தா என்னா செய்யிறதுன்னு பயந்துக்கிட்டு இருக்காதீங்க. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வந்துருங்க."

அப்பாவின் கை நின்றது.

"ஒங்க கங்காணி போன மாசம் சேவலும் சாராயமும் பங்களாவுக்குத் தூக்கிட்டுப் போனானே, அது இதுக்குத்தானா மாப்ள?"

"மச்சான், அது தொரைக்குப் பொறந்தநாளு…"

"எங்கள வித்துப்புட்டு, இப்ப பிச்ச போட வந்திருக்கியா?"

பித்தளைச் செம்பு பறந்தது. மாமாவின் நெற்றியில் பட்டுத் தண்ணீரும் ரத்தமும் ஒன்றாய் வழிந்தன. அம்மா அலறிக்கொண்டு நடுவில் புகுந்தாள். அவளுக்கும் ஒரு உதை. அக்கா கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா நெற்றியைத் துண்டால் அழுத்திப் பிடித்தார். வாழைப்பழத்தை மட்டும் குனிந்து எடுத்து இஸ்தோப்பு ஓரத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அப்பா அதை எடுத்து ஒவ்வொரு பழமாகப் பிய்த்துச் சரிவில் எறிந்தார்.

வெள்ளியும் சனியும் மேல் லயத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கத்தி தீட்டுகிற சத்தம் காம்பராவுக்குக் காம்பரா கேட்டது. பங்களாவுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தவர்களைக் காவல்காரன் நாயை அவிழ்த்துவிட்டு விரட்டினான். ஒருத்தருக்குக் கெண்டைக்காலில் கடி. நானோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெருமையில் மிதந்தேன். ஆறாம் வகுப்பு அக்காமாரெல்லாம் என்னிடம் வந்து, "வேற என்னா போட்டிருந்துச்சு புள்ள?" என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் பாலத்தடியில் இருக்கும் பீலி, நம் எல்லாருக்கும் பொதுவான குளியல் இடம். இரண்டு லயத்துப் பெண்களும் துணி வெளுத்துக்கொண்டிருந்தார்கள். கீழ் லயத்து இளவட்டம் ஒருத்தன் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு, மேல் லயத்து அத்தை ஒருத்தியைப் பார்த்து ஆரம்பித்தான்.

"அத்தே, போறப்ப காம்பராவுக்குச் சாணி போட்டு மெழுகிட்டுப் போங்க. எங்க ஆட்டக் கட்டணும்."

"ஒங்க ஆத்தாளக் கட்டுடா அங்க."

"எங்க ஆத்தாளுக்குத்தான் காம்பரா இருக்கே! ஒங்களுக்குத்தான் இல்ல."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் கூட்டாளி ஒருத்தன் கொண்டுவந்திருந்த தப்பு மேளத்தை எடுத்துச் சாவுக்கொட்டு கொட்டினான். சாவுக்கொட்டு! அந்த அத்தை தண்ணீர் நிறைந்த மண்குடத்தோடு பாலத்துக்கு ஏறிப்போய், காலாட்டிக்கொண்டிருந்தவன் தலையிலேயே போட்டாள். குடம் உடைந்த சத்தமும் தலை உடைந்த சத்தமும் வேறு வேறாகக் கேட்டன. அப்புறம் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார்கள். துணி வெளுக்கிற கட்டைகள் எழும்பின. ஒரு பிள்ளை மேலே ஓடினது, ஒரு பிள்ளை கீழே ஓடினது. கொஞ்ச நேரத்தில் மேல் லயத்து ஆண்கள் கத்தியோடு இறங்கினார்கள். பாதை கொள்ளாமல் தேயிலைச் செடிகளுக்குமேல் விழுந்து விழுந்து வந்தார்கள். முன்னால் எங்கள் அப்பா.

நானும் பின்னால் ஓடினேன். பாலத்தடிக்கு வந்ததும் நின்றேன். தலை உடைந்த அந்த இளவட்டம் ஆற்றோரம் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான். ரத்தம் ஆற்றில் கலந்து நூல் மாதிரி நீண்டு, கல்லைச் சுற்றி, கீழ் லயத்தைப் பார்த்துப் போனது. நான் அதையே பார்த்தேன். ஏனென்று தெரியாமல் பார்த்தேன். தண்ணீர் கீழேதான் போகும். யாருக்குத் தெரியாது? ஆனால் தாளில், நீலக் கோட்டின்மேல் சின்னதாக ஒரு அம்பு போட்டிருந்தது. பேனா தவறி விழுந்த கீறல் என்று நினைத்து விட்டிருந்தேன். அந்த அம்பின் முனை தாளின் தலைப்பக்கம் பார்த்து இருந்தது.

சிவப்புக் கோட்டைப் பார்த்து.

பெரட்டுக்களத்துக்கு ஓடினேன். மேடைமேல் ஏறிப் பார்த்தேன். இருந்தது. ஆறு தாளில் மேல்நோக்கி ஓடியது. நம் மலையில் ஓடுகிற ஆறு மேல்நோக்கி ஓட வேண்டுமானால், தாளின் தலைப்பக்கம் கீழ் லயமாகத்தான் இருக்க வேண்டும். படத்தில் தலைப்பக்கம் வடக்கு; நம் மலை வடக்கே இறங்குகிறது என்று யாரும் எனக்குக் கை நீட்டிக் காட்டியதில்லை. தாளைப் பிடித்து இழுத்தேன். சுவர்ச் சுண்ணாம்போடு உரிந்து வந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடினேன்.

கீழ் லயத்தில் தகரங்கள் சரிந்துகொண்டிருந்தன. ஒரு ஆட்டின் கழுத்து பாதி வெட்டுண்டு அது வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. முனியாண்டி கோயில் சாமியாடித் தாத்தா படியில் உட்கார்ந்தபடி ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார். யாரோ எறிந்த கல் அவருக்கு எங்கே பட்டதென்று தெரியவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. புகையும் மிளகாய் நெடியும். யாரோ அடுப்பில் மிளகாயைக் கொட்டியிருந்தார்கள். கண் எரிந்தது.

மாமா தன் காம்பரா வாசலில் உலக்கையோடு நின்றார். உள்ளே அத்தையும் பிள்ளைகளும். எதிரே அப்பா.

"வேணாம் மச்சான். புள்ளைங்க உள்ள இருக்கு."

"எம் புள்ளைங்க நடுரோட்டுல நிக்கப் போவுதுடா!"

நான் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

"அப்பா! தண்ணி மேல ஓடுதுப்பா! தண்ணி மேல ஓடுது!"

அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. மாமாவுக்கு விழுந்தது. இந்தப் பிள்ளை என்ன பிதற்றுகிறது என்று என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு திரும்பலில் கத்தி இறங்கியது. அவர் கையை உயர்த்தியது கடைசி நொடியில். வலது கை. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. மற்ற நாலும் வாசல்படியில் கிடந்தன. ஒன்று இன்னும் மடங்கியிருந்தது.

நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் உதறியதில் அம்மிக்கல் முனையில் போய் விழுந்தேன். என் தாடையில் இருக்கும் தழும்பைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வீர்களே, அது இதுதான்.

பொலிஸ் வந்தபோது எல்லாரும் களைத்துப் போய் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவோடு ஒன்பது பேரைக் கூட்டிப் போனார்கள். கூட்டிப் போகும்போது பெரட்டுக்களத்து மேல்வளைவில் கண்டாக்கு ஐயா குடையோடு நின்றதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! அந்த மாதம் தோட்டம் கொடுக்கிற அரிசியைக் குறைத்ததற்காக இரண்டு லயமும் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்வதென்று பேச்சு நடந்துகொண்டிருந்தது, நினைவிருக்கிறதா? அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. "பாத்துக்குங்க" என்று அவர் சொன்னதன் கனம் எனக்கு விளங்கியது, நானே வாத்தியாராகி நாலு பேரைக் கட்டி மேய்க்க ஆரம்பித்த பிறகு.

சாமியாடித் தாத்தா மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்தார். அதே நாள் சங்கிலியும் முளைக்கட்டையுமாகச் சர்வேக்காரர்கள் வந்தார்கள். மேல் லயத்து வழியாகத்தான் வந்தார்கள். எங்கள் பெண்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சர்வேக்காரர்கள் எங்களைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, நேரே கீழ் லயத்துக்கு இறங்கினார்கள். முளை அடிக்கிற சத்தம் மேலே கேட்டது. டக், டக், டக். பிறகு ஒவ்வொரு முகமாக என் பக்கம் திரும்பியது.

"உலகத்த நிப்பாட்டுனவளே" என்றாள் ஒருத்தி. அவள் புருஷனும் பொலிஸில் இருந்தான். சாணி உருண்டை வந்து என் காதில் அப்பியது. அடுத்தது கல்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னை முன்னால் கூப்பிட்டார். தோட்டத்துத் தாளைக் கிழித்ததற்குப் பன்னிரண்டு அடி. தப்பாக வாசித்ததற்கு இல்லை, கிழித்ததற்கு! தாடைக் கட்டோடு நின்று வாங்கினேன். பத்தோ பதினொன்றோ, எண்ணவில்லை, கம்பு உயர்ந்திருக்கும்போதே எனக்குள் என்னவோ ஆனது. மேசையிலிருந்த உருண்டையை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் அடித்தேன். பூமத்தியரேகை நெடுகப் பிளந்து இரண்டு கிண்ணமாக உருண்டது. உள்ளே தெரியாத பாஷையில் பழைய செய்தித்தாள் ஒட்டி ஒட்டி வைத்திருந்தது. அவ்வளவுதான் உலகம்.

கொன்றுவிடுவார் என்றுதான் நீங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்தீர்கள். அவர் கம்பைக் கீழே வைத்தார். இரண்டு கிண்ணத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"ஆற்றில் அம்புக்குறி போட்டிருந்ததே. பார்க்கவில்லையா நீ?"

"நீங்க பாத்தீங்களா சேர்?"

கிண்ணத்தின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். நான் வெளியே நடந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீங்களும் கேட்கவில்லை.

மாசக் கடைசியில் கீழ் லயம் கிளம்பியது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு லாரி பேசியிருந்தார்கள். மேல் லயத்தில் யாரும், "இங்கே வாங்க, நெருக்கியடிச்சு இருப்போம்" என்று சொல்லவில்லை. சொல்ல நாக்கு எங்கே இருக்கிறது? அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பி போகிறான், போய்ப் பார்க்க முடியவில்லை. நான் இறங்கிப் போனேன். வழியில் கல்லெறிந்தார்கள், இந்தத் தடவை கீழ் லயத்துப் பிள்ளைகள். உங்களில் இருவர் அதில் இருந்தீர்கள். நல்ல குறி.

மாமா லாரிக்குப் பக்கத்தில் ஒரு சாக்குமேல் உட்கார்ந்திருந்தார். கையில் பெரிய கட்டு. அதில் ஈ. நான் எதிரே போய் நின்றேன். நான்கு நாளாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"மாமா, நாந்தான் தப்பா வாசிச்சேன். ஆத்தப் பாக்கல. சரியா வாசிச்சிருந்தா ஒங்களுக்கு இப்படி ஆயிருக்காது."

மாமா என்னைப் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. அலுப்பாகத்தான் தெரிந்தது.

"சரியா வாசிச்சிருந்தா என்னாடி ஆயிருக்கும்? எங்க இளவட்டமெல்லாம் கத்தியத் தூக்கிக்கிட்டு மேல வந்திருப்பானுக. ஒங்க ஆளுக பாலத்துல நின்னு சாவுக்கொட்டு கொட்டியிருப்பானுக. நானும்தான் வந்திருப்பேன்." கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "இது ஒங்கப்பனுக்கு ஆயிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். போ."

நான் போகவில்லை. போக முடியவில்லை. மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அடியாக எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. லாரிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான்.

அப்போது பாலத்துப் பக்கம் எல்லாருடைய கண்ணும் போனது. அக்கா வந்துகொண்டிருந்தாள். தலையில் தகரப் பெட்டி. பின்னால் யாரும் வரவில்லை. அம்மாகூட வரவில்லை. அவளைப் பார்த்ததும் கல்லெறிந்த பிள்ளைகள் கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். மாமா மகன் லாரிமேல் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தவன், கயிற்றைப் பிடித்தபடியே அப்படியே நின்றான். அக்கா நேரே வந்து மாமா முன்னால் பெட்டியை இறக்கினாள்.

மாமா வீட்டு அத்தை லாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுற்றி வந்தாள். வந்த வேகத்தில் அக்காவின் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். அக்கா அசையவில்லை. அத்தை இன்னொரு அறைக்குக் கையை ஓங்கினாள், ஓங்கிய கையை இறக்கினாள், குனிந்து தகரப் பெட்டியைத் தூக்கி லாரிக்குள் எறிந்தாள்.

"ஒங்கப்பன் வெட்டுன கைக்கு நீதான்டி தெனம் சோறு ஊட்டணும்" என்றாள். "ஏறு."

அக்கா ஏறினாள். மாமா உட்கார்வதற்கு ஒரு சாக்கை நகர்த்தி இடம் பண்ணினாள். பிறகு குனிந்து, அவருடைய இடது கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள்.